கூலியைப் பறிகொடுத்த சொல்

ஆங்கிலத்திற்குத் தமிழ் வழங்கிய சொற்கள் யாவை என்று வினவினால், நம் மாணவர் கட்டுமரம், சுருட்டு, மிளகுத்தண்ணீர் என மளமளவென்று எழுதிவிடுவர். கூலி என்று எழுதுவோர் அரியர். அறியாமையால் அன்று, நாணத்தால். அந்த நாணம் தேவையற்றது என்பதும், அதனை வளர்த்ததில் நம் வகுப்பறைகளுக்கும் பங்குண்டு என்பதுமே என் வழக்கு.

தமிழில் கூலி என்பது ஆளன்று. உழைப்புக்கு ஈடாகக் கைக்கு வரும் பொருள். கூலமாகிய தானியத்தால் அளக்கப்பட்டமையின் கூலி எனப்பட்டது என்று விளக்கும் அறிஞர் உளர். சம்பளத்தைச் சம்பா நெல்லோடும் அளமாகிய உப்போடும் இயைத்துக் காட்டுவதும் இம்முறை பற்றியே. (ஆங்கிலேயர் மதிப்போடு சொல்லும் 'சாலரி'யும் இலத்தீன் உப்பில் பிறந்ததுதான்.) வள்ளுவர் ஆள்வினையுடைமை அதிகாரத்தின் 619ஆம் குறளில், மெய்வருந்த முயன்றார்க்குக் கிட்டும் பயனைச் சுட்ட இச்சொல்லையே தேர்ந்தார். வந்தி என்னும் முதியவளுக்காக வையைக் கரையடைக்க வந்த சிவபெருமான், உதிர்ந்த பிட்டைக் கூலியாகப் பேசிக்கொண்டு மண்கூடையைத் தலைமேல் ஏற்றினார் என்கிறது திருவிளையாடற் புராணம். இறைவன் பேசி வாங்கிய ஒன்று இழிவாகுமா?

ஆளைக் குறிக்க வேண்டியபோது நம் முன்னோர் கூலியாள், கூலிக்காரர் என்று ஒட்டுச் சேர்த்தே வழங்கினர். பொருள் வேறு, ஆள் வேறு என்னும் தெளிவு அவர்க்கு இருந்தது. அவ்வொட்டு உதிர்ந்த இடத்தில்தான் கேடு தொடங்கிற்று.

16ஆம் நூற்றாண்டுப் போர்த்துக்கீசியர் எழுத்துகளிலேயே இச்சொல் சுமைதூக்கும் ஆளின் பெயராகத் தலைகாட்டுகிறது. அது குசராத்துக் கோலி இனத்தாரின் பெயரிலிருந்து வந்தது என்பாரும் உளர். யூல், பர்னல் ஆகிய இருவர் தொகுத்து 1886இல் வெளிவந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதி இரு கருத்துகளையும் எடுத்துரைக்கிறது. இரண்டும் கலந்திருத்தல் கூடும். எவ்வாறாயினும், ஆங்கிலேயர் வாயில் புகுந்தபின் சொல்லிலிருந்து பொருள் கழன்றது. ஆள் மட்டும் எஞ்சினான். பிரிட்டிஷ் குடியேற்ற நாடுகளில் 1834இல் அடிமைமுறை ஒழிக்கப்பட்டதும், அவ்விடத்தை நிரப்ப ஒப்பந்தக் கப்பல்கள் புறப்பட்டன. மொரிசியசு, கயானா, 1860இல் நேத்தால், 1879இல் பிஜி எனச் சென்ற இடமெல்லாம் அச்சொல் ஆட்பெயராகி, பிறகு இனப்பெயராகி, இறுதியில் வசையாயிற்று. தென்னாப்பிரிக்காவில் வழக்காடச் சென்ற காந்தியடிகளையே 'கூலி பாரிஸ்டர்' என்றனர். சட்டம் பயின்றவர் எவரிடம் என்ன கூலிக்குச் சுமை தூக்கினார்? அங்கே அச்சொல் தொழிலையும் குறிக்கவில்லை. தோலின் நிறத்தைக் குறித்தது. சீனரோ அதனைக் 'கசப்பு', 'வலிமை' எனப் பொருள்படும் ஈரெழுத்துகளால் எழுதிக்கொண்டனர். ஒலியைக் கடன் வாங்கியவர்கள் உண்மையையும் சேர்த்தே எழுதிவிட்டார்கள்!

இதனை ஆகுபெயர் என்று அமைதி கூறித் தப்ப முயல்வாரும் உண்டு. 'ஊர் சிரித்தது' என்னும்போது ஊர் என்ற முதற்பொருள் நம் நினைவைவிட்டு நீங்குவதில்லை. ஆங்கிலக் கூலியிலோ, உழைத்தவனுக்குத் தரவேண்டிய ஒன்று உண்டு என்ற நினைவே நீங்கிவிட்டது. இஃது ஆகுபெயர் அன்று, பறிப்பு.

அப்பறிப்பின் நடுவில் வாழ்ந்தவர் நம் முன்னோர். பினாங்குத் துறையில் இறங்கிப் பீடோங், பாடாங் செராய், கூலிம், சுங்கைப் பட்டாணி வட்டாரத் தோட்டங்களை அடைந்தனர். (கூலிம் என்னும் ஊர்ப்பெயர் இச்சொல்லோடு தொடர்புடையதா என மாணவர் வினவுவதுண்டு. இல்லை, அஃது ஒரு மரத்தின் பெயர்.) உடலுழைப்பாளர் இங்கு வருவதை இந்திய அரசு 1938இல் தடுக்கும்வரை கங்காணிவழி ஆள்சேர்ப்பு நீடித்தது. தோட்டத்தில் நாம் ஆங்கிலத்திலிருந்து பெற்ற சொற்களும் உண்டு. வரிசையைக் குறித்த 'லைன்' லயமாயிற்று. இசைவாணர் செவிக்கு இனிய சொல், இங்கே நெருக்கடியான வரிசை வீடு. படையணி வகுப்பைக் குறித்த 'பரேட்' விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டாயிற்று. நாம் கொடுத்தது கூலி. கொண்டது லயமும் பெரட்டும்.

ஆயினும் தோட்டத்து மக்கள் தம் வாயில் அச்சொல்லைக் கெடவிடவில்லை. மழை பெய்து மரம் நனைந்தால் பால் வெட்டு இல்லை. வெட்டு இல்லையேல் அன்றைக்குக் கூலி இல்லை. இவ்வாறு அவர்கள் பேசியபோது கூலி என்றது அரிசியை, பிள்ளையின் பள்ளிச் சட்டையை. 1946, 1947ஆம் ஆண்டுகளில் கெடாத் தோட்டங்களில் ஏ.எம். சாமி தலைமையில் எழுந்த தொண்டர் படை, கள்ளுக்கடையை எதிர்த்தது. குடிக்குப் போன காசு, உழைத்தவன் கூலியன்றோ?

அண்மையில் கட்டுரை ஏடுகளைப் பார்வையிட்டபோது, 'என் பாட்டி பால்மரம் வெட்டிக் கூலி வாங்கினார்' என்று ஒரு மாணவி எழுதியிருக்கக் கண்டேன். கூலியைச் சிவப்பு மையால் அடித்து, 'ஊதியம் பெற்றார்' என்று திருத்தியிருந்தார் ஆசிரியர். வினவியபோது, "அச்சொல் நம்மைத் தாழ்த்துகிறது, ஐயா" என்றார். அவர் நோக்கம் நன்று, திருத்தம் தவறு. ஊதியம் இனிய சொல்தான். ஆனால் அதில் மழைநாள் இல்லை. திங்கள்தோறும் தவறாது வரும் தொகையாகவே இன்றைய மாணவர் அதனை உணர்வர். பாட்டி பட்ட பாடு அத்திருத்தத்தில் காணாமற் போயிற்று.

கூலிப்படை, கைக்கூலி, கூலிக்கு மாரடித்தல் எனத் தமிழிலும் இழிபொருள் உண்டே என்பர். உண்டு. அவை பழிப்பது கூலிக்காக மனச்சான்றை விற்பவனை. வியர்வை சிந்தி ஈட்டுபவனையன்று. நகைக்கடையில் செய்கூலி எவ்வளவு என்று கூசாமல் வினவுகிறோம். பொன்னோடு சேர்ந்தால் மணக்கும் சொல் பால்வாளியோடு சேர்ந்தால் மட்டும் நாறுமா? 2025இல் ரஜினிகாந்த் நடித்த 'கூலி' திரைப்படத்தின் பெயரை உரக்கச் சொன்ன நாவுக்கு, பாட்டனின் கூலியைச் சொல்ல ஏன் தயக்கம்? மேடைதோறும் 1025இல் கடாரம் வென்ற இராசேந்திரனை முழங்குகிறோம். அதே கடாரத்து மண்ணில் காடழித்துக் கன்று நட்டவரைப் பற்றி அடக்கியே பேசுகிறோம்.

ஒருவரை நோக்கிக் 'கூலி' என்று விளிப்பதை எம்மொழியிலும் கண்டிக்க வேண்டும். அதில் எனக்கு ஐயமில்லை. அதற்காகச் சொல்லையே அகராதியிலிருந்து துரத்துவது, திருடியவனிடமே பொருளை விட்டுவிட்டுத் திரும்புவதாகும். அம்மாணவியின் ஏட்டில் கூலி மீண்டும் எழுதப்பட வேண்டும் என்று ஆசிரியரைக் கேட்டுக்கொண்டேன். அடுத்த வாரப் பாடமாக, நாட்கூலி, அரைநாட்கூலி, சுமைகூலி, வண்டிக்கூலி எனத் தத்தம் வீட்டு முதியோர் வாங்கிய கூலிகளையும் அவற்றின் தொகையையும் கேட்டு எழுதி வருமாறு வகுப்பு முழுமைக்கும் பணித்திருக்கிறோம்.