பாடசாலைக்கு அண்மையில் ஒரு வீடு

ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகைகளிற் காணி, வீடு விற்பனை விளம்பரங்களைப் படிப்பவர்கள் ஒரு சொற்றொடரை அடிக்கடி கண்டிருப்பார்கள்: "பிரபல பாடசாலைகளுக்கு அண்மையில்." கோவிலுக்கு அண்மையில், கடலுக்கு அண்மையில், காலி வீதிக்கு அண்மையில் என்பனவும் உண்டு. ஆயினும் விலையை உயர்த்தும் வல்லமை முதலாவதற்கே அதிகம். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, தெகிவளைப் பகுதிகளில் வீடு தேடும் நம்மவருட் பலர் இச்சொற்றொடருக்காகவே கடன்பட்டும் மேலதிகப் பணம் கொடுக்கின்றனர். அப்பணத்துக்கு ஈடாகத் தாம் பெறுவது யாது என்று விசாரிப்போர் மிகச் சிலரே.

1945 ஆம் ஆண்டிலே கன்னங்கரா அவர்களின் முயற்சியால் இலவசக் கல்வி வந்தது. வகுப்பறையிற் கட்டணம் நீங்கியது. அக்கட்டணம் இப்பொழுது காணி விலையினுட் புகுந்து ஒளித்திருக்கின்றது என்று சொன்னால் அது மிகையாகாது.

முதலாந் தரத்துக்குப் பிள்ளைகளைச் சேர்ப்பது பற்றிக் கல்வி அமைச்சு வெளியிடும் சுற்றுநிருபத்தைப் பெற்றோர் பலர் விண்ணப்பம் நிரப்பும் வாரத்திலேதான் முதன்முதலாகப் படிக்கின்றனர். பிள்ளை தொட்டிலிற் கிடக்கும்போதே படிக்கவேண்டிய பத்திரம் அது. அண்மைய ஆண்டுகளின் ஏற்பாட்டின்படி, நூற்றுக்கு 50 இடங்கள் அயலில் வசிப்போரின் பிள்ளைகட்கும், 25 இடங்கள் பழைய மாணவரின் பிள்ளைகட்கும், 15 இடங்கள் ஏற்கெனவே அங்கு படிப்போரின் உடன்பிறந்தோருக்கும் உரியவை. எஞ்சிய 10 இடங்கள் கல்வித்துறை ஊழியர், இடமாற்றம் பெற்ற உத்தியோகத்தர், வெளிநாட்டிலிருந்து மீண்டோர் ஆகியோருக்கிடையே பங்கிடப்படுகின்றன. ஆகவே அடுத்த வீட்டிலே குடியிருந்தாலும் நம் பிள்ளை போட்டியிடுவது பாதி இடங்களுக்கே.

அந்தப் பாதியிலும் அயல் என்பது வெறும் கிட்டிய தூரம் அன்று. தாய் தந்தையர் இருவரின் பெயரும் ஐந்தாண்டுகள் அவ்விலாசத்திலே தேர்தல் இடாப்பிற் பதிந்திருந்தாற்றான் அதற்குரிய முழுப் புள்ளிகளும் கிட்டும். சொந்த உறுதிக்கு உள்ள புள்ளிகள் பதிவு செய்த குத்தகைக்கு இல்லை. தூரத்தை அளப்பதோ பஸ் போகும் வழியிலன்று. வீட்டிலிருந்து பாடசாலைக்கு நேர்கோடு இழுத்துப் பார்க்கின்றனர். அக்கோட்டை ஆரையாக வைத்து வரையும் வட்டத்தினுள்ளே பிள்ளை சேரத்தக்க வேறு அரசாங்கப் பாடசாலைகள் இருப்பின் அவை ஒவ்வொன்றுக்கும் புள்ளிகள் கழிக்கப்படும். பாடசாலைகள் நெருங்கிக் கிடக்கும் ஒரு பகுதியில், ஒழுங்கை ஒன்று தள்ளிப் போனாலே கணக்கு மாறிவிடும். "அண்மையில்" என்று விளம்பரஞ் செய்யும் தரகர் இவ்வட்டத்தை வரைந்து பார்த்தவரல்லர்.

இக்கணக்கு கைகூடாதென்று கண்டதும் சிலர் செய்யும் காரியத்தை ஓர் ஆசிரியனாக இருந்துகொண்டு சொல்லாமல் விடமுடியவில்லை. உறவினர் வீட்டு மின்சாரப் பட்டியலிலே தம் பெயரை ஏற்றுகின்றனர். குடியிராத வீட்டுக்குக் குத்தகை எழுதுகின்றனர். பரிசோதனைக்கு வருவோருக்குக் காட்டுவதற்காக இரண்டு கட்டிலும் ஒரு சாமிப் படமும் கொண்டுபோய் வைக்கின்றனர். நேர்முகப் பரீட்சைக்கு முன்னர், "வீடு எங்கே என்று கேட்டால் இப்படிச் சொல்லு" என்று ஐந்து வயதுக் குழந்தைக்குப் பாடஞ் சொல்லிக் கொடுக்கின்றனர். பள்ளிக்கூட வாசலை மிதிக்குமுன் அக்குழந்தை மனனஞ் செய்த முதற் பாடம் அது. பின்னர் அதே பெற்றோர், பிள்ளை பொய் சொல்கின்றான் என்று எம்மிடம் முறையிட வருவர்.

இத்துணைப் பாடும் எதற்காக? முதலாந் தரம் ஒன்றே வாசல் அன்று. ஐந்தாந் தரப் புலமைப்பரிசிற் பரீட்சை ஒரு வாசல்; சாதாரணதரப் பரீட்சைக்குப் பின் உயர்தர வகுப்புக்குச் சேர்வது மற்றொரு வாசல்.

வடக்கு, கிழக்கு, மலையகப் பகுதிகளிலிருந்து படிப்பை முன்னிட்டே தலைநகருக்குக் குடிபெயர எண்ணும் குடும்பங்கள் வேறொரு செய்தியையும் நிறுத்துப் பார்க்கவேண்டும். மருத்துவம், பொறியியல் முதலிய கற்கைநெறிகளுக்குப் பல்கலைக்கழக அனுமதி வழங்குகையில் நூற்றுக்கு 40 இடங்களே அகில இலங்கைத் திறமை வரிசையில் நிரப்பப்படுகின்றன. 55 இடங்கள் மாவட்ட அடிப்படையிலும், 5 இடங்கள் வசதி குறைந்த மாவட்டங்களுக்கென மேலதிகமாகவும் ஒதுக்கப்படுகின்றன. மாணவனின் மாவட்டம் எது என்பதை நிச்சயிப்பது, உயர்தரப் பரீட்சைக்கு முந்திய ஆண்டுகளில் அவன் எங்கே படித்தான் என்பதே. முல்லைத்தீவிலோ மன்னாரிலோ இருந்தால் மருத்துவத்துக்குப் போதுமான பெறுபேறு, கொழும்பு மாவட்டத்திற் போதாமற் போகலாம். நல்ல பாடசாலையைத் தேடி வந்து, உள்ள உரிமையை வழியில் விட்டுவிட்டு வரும் கதை இது. பிறந்த ஊர்ப் பாடசாலை ஓரளவு திருப்தியாக இருப்பின், அங்கேயே இருந்துவிடுவது பல குடும்பங்களுக்கு உத்தமம் என்பது என் அபிப்பிராயம்.

இனி வீட்டின் பெறுமதியைப் பற்றிச் சிறிது. "காணி விலை ஒருபோதும் இறங்காது" என்பது நம்மவர் வாயில் வழங்கும் வாக்கு. ரூபாக் கணக்கிற் பார்த்தால் அஃது ஏறக்குறைய உண்மையே. ரூபாவின் கதிதான் வேறு. 2022 செப்டெம்பரிற் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி பணவீக்கம் நூற்றுக்கு 69.8 ஆக ஏறியது. முந்திய ஆண்டு வாங்கிய காணியை அப்போது நூற்றுக்கு 20 கூட்டி விற்றவர், இலாபம் என்று எண்ணிக்கொண்டு நட்டத்தை வீட்டுக்குக் கொண்டுபோனவரே. அதே ஆண்டு ஏப்ரலில் மத்திய வங்கி தன் கொள்கை வட்டி வீதங்களை ஒரே முறையில் 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியது. மாறும் வட்டிக்கு வீட்டுக்கடன் எடுத்திருந்தோரின் மாதத் தவணை உப்பிப்போயிற்று. ஆதலாற் கடனின் வட்டி நிலையானதா மாறுவதா என்ற கேள்வி, வீட்டின் அறைகளை எண்ணுவதற்கு முன்னர் கேட்கவேண்டியது.

வெள்ளவத்தையிற் காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒழுங்கைகளில் இருந்த பழைய முற்றத்து வீடுகள் பல இடிக்கப்பட்டுத் தொடர்மாடிகள் எழுந்துவிட்டன. பலருக்கு இன்று கட்டுபடியாவது அவற்றில் ஒரு வீடே. விலை நிலைப்பது பெரும்பாலும் நிலத்தினாலேயாகும். கட்டடமோ நாளுக்கு நாள் பழுதாவது, அதிலும் உப்புக் காற்றில் இரும்புக் கம்பி துருப்பிடிப்பது விரைவு. பத்துப் பேர்ச் காணியில் இருபது குடும்பங்கள் இருந்தால் உங்கள் பங்குக்கு அரைப் பேர்ச் நிலமே உண்டு. இதைவிட முக்கியமானது பத்திரம். கட்டடத்துக்கு இணக்கச் சான்றிதழ் கிடைத்து, தொடர்மாடித் திட்டப்படம் பதிவானாலன்றித் தனி வீட்டுக்கு முறையான உறுதி எழுத இயலாது. வெறும் உடன்படிக்கைத் தாளை உறுதி என்று நம்பிப் பணத்தைக் கொடுத்துவிட்டு ஆண்டுக்கணக்கிற் காத்திருப்போர் உளர். விற்பவர் சுட்டிக்காட்டும் நொத்தாரிசை விடுத்து, நமக்கென ஒரு நொத்தாரிசை அமர்த்திக் காணிப் பதிவகத்து ஏடுகளை முப்பது ஆண்டுகளுக்குப் பின்னோக்கிப் பார்ப்பித்தல் அவசியம்.

தண்ணீர் போகும் வழியையும் பாருங்கள். 2016 மே மாத வெள்ளத்திற் கொலன்னாவைப் பகுதியில் எத்தனையோ வீடுகள் அமிழ்ந்தன. 2017 சித்திரைப் புத்தாண்டு நாளன்று மீதொட்டமுல்லையிற் குப்பைமேடு சரிந்து 30 க்கு மேற்பட்டோர் மாண்டனர். மலிவான காணி மலிவானதற்குக் காரணம் இருக்கும். அதைத் தரகரிடம் கேட்பதிலும் அயல்வீட்டுக் கிழவியிடம் கேட்பது மேல்.

தமிழ்க் குடும்பங்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. அதை எந்த விளம்பரமும் சொல்லாது. 1983 ஜூலையில் வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் நம்மவர் வீடுகள் எரிந்தபோது சந்தை விலை என்று ஒன்று இருக்கவில்லை. பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரியே அகதி முகாமாயிற்று. கிடைத்த விலைக்கு விற்றுவிட்டுக் கப்பலேறியோர் பலர். திரும்பி வந்து, கரிந்த சுவரின்மேற் கூரை வேய்ந்து, மீண்டும் அதே ஒழுங்கையிற் குடியிருந்தோரும் உளர். அயலவரின் உறவுக்குப் பேர்ச் கணக்கில் விலை போட யாராலும் முடியாது. ஆயினும் அன்று சில வீடுகள் தப்பியது அவ்வுறவினாலேதான். வீடு பார்க்கப் போகும்போது மதிலுக்கு அப்பால் இருப்பவர் எவர், அவருடன் பேசிப் பழக முடியுமா என்பதையும் பார்த்து வருதல் நன்று.

எந்தப் பகுதி என்று பெயர் சொல்லிக் கேட்போருக்கு: வெள்ளவத்தையின் விலை எட்டாவிடில், கால்வாயைத் தாண்டித் தெகிவளை இருக்கின்றது, அங்கிருந்தும் பாடசாலைகள் தூரமல்ல. அதற்கப்பால் இரத்மலானையிலும் ஓர் இந்துக் கல்லூரி உண்டு. கொட்டாஞ்சேனைப் பக்கத்தில் விவேகானந்தாக் கல்லூரி உண்டு. வத்தளையிற் காணி விசாலமானது. ஆனால் அங்கு குடியிருந்துகொண்டு பம்பலப்பிட்டிக்குப் பிள்ளையை அனுப்பினால், களனிப் பாலத்து நெரிசலுக்கு அஞ்சி விடியுமுன் வானில் ஏற்றவேண்டும். அப்பிள்ளைகள் முதற் பாடவேளையிற் கண் சொருகி இருப்பதை நாள்தோறும் காண்கின்றேன்.

வீட்டை விடுமுறை நாளின் மாலையிற் போய்ப் பார்க்காதீர்கள். பாடசாலை நாளொன்றிற் காலை ஆறரை மணிக்கு அவ்வொழுங்கையின் முகப்பில் நின்று, பிள்ளையின் கையைப் பிடித்தபடி பாடசாலை வாசல் மட்டும் ஒருமுறை நடந்து பாருங்கள். ஐப்பசி மழையில் இன்னொரு முறை. வாங்கியபின் உறுதியின் இலக்கத்தையும் பதிவேட்டு ஏட்டின் இலக்கத்தையும் தனியே எழுதி, வேறொரு வீட்டிலே கொடுத்து வையுங்கள். உறுதி தொலைந்தாலும் பதிவகத்திலே உறுதிசெய்த பிரதி எடுக்கலாம்.