பேர் வேறு, பலகை வேறு!

"உன்னையே ஒரு பிராண்டாக ஆக்கிக்கொள்!" கல்லூரி மண்டபங்களில் இன்று இப்படியொரு உபதேசம் முழங்குகிறது. வேலை தேடும் இளம் பொறியாளருக்கும், ஒப்பந்தச் சம்பளத்தில் காலந்தள்ளும் விரிவுரையாளருக்கும், கணக்காளருக்கும் இதே மந்திரந்தான். நல்ல படம் எடுத்துப் போடு. தினம் நாலு வரி எழுதிப் போடு. உன் பெயர் எல்லார் கண்ணிலும் பட்டுக்கொண்டே இருக்கட்டும். வேலை உன்னைத் தேடி வரும் என்கிறார்கள்.

வராவிட்டால்? நீ உன்னைச் சரியாக விற்றுக்கொள்ளவில்லை என்று பதில் வருகிறது. அதாவது, வேலை இல்லாததற்குக் குற்றவாளி வேலை கேட்பவனே! இந்த உபதேசத்தின் விஷம் இங்கேதான் இருக்கிறது.

இந்தச் சரக்கு எங்கிருந்து இறக்குமதியாயிற்று? 1997-ல் டாம் பீட்டர்ஸ் என்ற அமெரிக்க நிர்வாக ஆலோசகர் 'ஃபாஸ்ட் கம்பெனி' என்னும் பத்திரிகையில் எழுதிய கட்டுரைதான் இதைப் பிரபலமாக்கியது. ஒவ்வொரு ஊழியனும் தன்னையே ஒரு கம்பெனியாகக் கருதி விளம்பரம் செய்துகொள்ள வேண்டும் என்பது அதன் சாரம். அது அங்கே பெரிய கம்பெனிகள் ஆட்குறைப்பில் இறங்கி, நிரந்தர வேலை என்ற பேச்சையே ஒழித்துக்கொண்டிருந்த காலம். வேலைக்கு இருந்த உத்தரவாதம் எழுந்து போன நாற்காலியில் பிராண்டு வந்து உட்கார்ந்தது.

பேரெடுப்பது எப்படி என்று தஞ்சைச் சீமைக்கு யாரும் வந்து சொல்லித்தர வேண்டியதில்லை. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையை (1898–1956) எடுத்துக்கொள்வோம். நாதஸ்வரச் சக்கரவர்த்தி என்று நாடே அவரைக் கொண்டாடிற்று. கிராப்புத் தலையும் ஷெர்வானியுமாக மேடையேறியவர். தன் மதிப்பைத் தானே உரக்கச் சொல்லத் தயங்காதவர். "பார்த்தீர்களா, அவரும் பிராண்டுதானே!" என்று உபதேசிகள் துள்ளக்கூடும். கொஞ்சம் பொறுங்கள்!

ஷெர்வானியைக் கேட்கவா ஜனங்கள் விடிய விடியக் காத்துக் கிடந்தார்கள்? அவருடைய தோடியைக் கேட்கக் காத்துக் கிடந்தார்கள். அவர் காட்டிய வீம்புக்கும் ஓர் அர்த்தம் இருந்தது. நாதஸ்வரக்காரன் பெரிய மனிதர்கள் முன்னால் சட்டை போடக் கூடாது, துண்டை இடுப்பில் கட்ட வேண்டும், நின்றுகொண்டே வாசிக்க வேண்டும் என்று வைத்திருந்த சமூகம் இது. அந்தச் சமூகத்தின் முன் மேடையில் உட்கார்ந்து வாசிப்பேன் என்று அவர் நின்றபோது, அவர் ஒருவருக்கு மட்டுமா ஆசனம் கிடைத்தது? அந்தத் தொழிலுக்கே கிடைத்தது.

அந்த நாதம் ஒருவர் மூச்சில் மட்டும் பிறந்ததும் இல்லை. ஆச்சா மரத்தைக் கடைந்து குழல் செய்தவர் நரசிங்கம்பேட்டை ஆசாரி. காவிரிக் கரை நாணலைப் பதப்படுத்திச் சீவாளி கட்டியவர் இன்னொருவர். பக்கத்தில் நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை போன்ற தவில் மேதைகள். இத்தனை கைகள் சேர்ந்தால்தான் ஒரு பேர்! நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்கு 2022-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. சட்டப்படி அது தனி ஆள் எவருக்கும் சொந்தமாவதில்லை. அந்த மண்ணில் முறைப்படி தொழில் செய்கிறவர்களின் பொதுச் சொத்து. சர்க்காரின் சட்டமே ஒப்புக்கொள்ளும் இந்த உண்மையை உபதேசிகள் மறைப்பதேன்?

அவர்கள் சொல்லும் பிராண்டைப் பார்க்க வேண்டுமானால் நெடுஞ்சாலைக்குப் போங்கள். திரும்பிய பக்கமெல்லாம் 'கும்பகோணம் டிகிரி காபி' என்று பலகை. டபராவும் பித்தளைதான், பலகையும் பளபளப்புதான். வாயில் வைத்தால் பல கடைகளில் வெந்நீர்! பேரைத் தூக்கிப் பலகையில் மாட்டிவிடலாம். ருசியை மாட்ட முடியாது.

"அப்படியானால் திறமைசாலி தன் வேலையைப் பற்றி வாய் திறக்கவே கூடாதா?" தாராளமாகத் திறக்கட்டும்! செய்ததை ஊரறியச் சொல்வதில் குற்றமில்லை. சொல்லாமல் மூலையில் கிடப்பதில் புண்ணியமும் இல்லை. ஆனால், ஒரு பணியிடத்துக்கு நூறு பேர் மனுப் போட்டு, அந்த நூறு பேரும் தங்களை மெருகேற்றிக்கொண்டு வந்து நின்றால் பணியிடம் இரண்டாகிவிடுமா? ஒருவன் உள்ளே போவான். தொண்ணூற்றொன்பது பேர் வெளியே நிற்பார்கள். ஒருவரையொருவர் முந்தும் அவசரத்தில் சம்பளத்தையும் தாங்களே குறைத்துக் கேட்பார்கள். லாபம் யாருக்கு?

இந்த மண்ணின் பண்ணையாளுக்கு ஒரு காலத்தில் பேரே கிடையாது. "அடே" என்பதுதான் பேர். எதிர்த்தால் சவுக்கடியும் சாணிப்பாலும். அவன் எந்த வித்தையைக் கற்று மானத்தை மீட்டான்? 1943-ல் பி. சீனிவாசராவ் இங்கே வந்தபின் விவசாயிகள் சங்கம் கிராமம் கிராமமாக வேர் விட்டது. 1944-ல் மன்னார்குடி ஒப்பந்தம் சவுக்கடிக்கும் சாணிப்பாலுக்கும் தடை போட்டது. 1952-ல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்து, நினைத்தபோது ஆளை வெளியேற்றும் மிராசுதாரின் அதிகாரத்துக்குக் கடிவாளம் போட்டது. மிராசுதாரிடம் தன்னை அழகாக எடுத்துக்காட்டியா இதையெல்லாம் பெற்றான்? பக்கத்து வரப்புக்காரனோடு தோள் சேர்ந்து நின்று பெற்றான்.

பட்டம் படித்தவனுக்கும் பண்ணையாளுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். நியமன உத்தரவு இல்லாமல், நாளை வேலை உண்டா என்று தெரியாமல் பாடம் நடத்தும் விரிவுரையாளரைக் கேளுங்கள், சொல்வார்!

ஆகவே இளைஞர்களே! தொழிலைத் துறைபோகக் கற்றுக்கொள்ளுங்கள். செய்த வேலையை உள்ளபடி சொல்லுங்கள். கூடச் செய்தவர்களின் பேரையும் சேர்த்துச் சொல்லுங்கள். யாருக்கு எவ்வளவு சம்பளம் என்பதை உங்களுக்குள் மறைக்காதீர்கள். நியமன உத்தரவை எழுத்தில் கேளுங்கள். தனியாகக் கேட்டுக் கிடைக்காததைச் சங்கமாகச் சேர்ந்து கேளுங்கள்.

விலைச்சீட்டைச் சரக்கின் மேல் ஒட்டட்டும். மனிதன் நெற்றியில் ஒட்ட விடமாட்டோம்!