பாலத்தைக் கடக்காத பேருந்து

“இதுதான் சென்னையின் சுவை! மூவாயிரம் ஆண்டுப் பாரம்பரியம் இந்தத் தட்டிலே இருக்கிறது!”

ஒலிபெருக்கியைக் கையிலே பிடித்தபடி அந்த இளைஞர் முழங்கினார். குளிரூட்டிய பேருந்து மயிலாப்பூர்க் குளக்கரையிலே நின்றது. தட்டிலே இரண்டு இட்டிலி, ஒரு வடை, கிண்ணத்திலே சாம்பார், பக்கத்திலே நுரை ததும்பும் காபி. வந்திருந்தோர் முதலில் படம் எடுத்தனர், பிறகு உண்டனர். நானும் உண்டேன். சுவையாகவே இருந்தது. சுவையோடு எனக்குச் சண்டை இல்லை, தோழர்களே! தட்டோடு சேர்த்துப் பரிமாறப்பட்ட பொய்யோடுதான் சண்டை.

வடசென்னைப் பள்ளியொன்றிலே ஆசிரியன் நான். வெளியூரிலிருந்து வந்த கல்லூரி நண்பருக்காக, ஆளுக்கு ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் கொடுத்து, இந்த உணவுச் சுற்றுலாவுக்குச் சீட்டு எடுத்தேன். ‘நகரை நாவால் அறியுங்கள்’ என்றது விளம்பரம். அறிந்துகொண்டேன், நகரை அல்ல, நகரை மறைக்கும் கலையை!

மூவாயிரம் ஆண்டு! கேட்கவே இனிக்கிறது. ஆனால், சாம்பாரிலே மிதந்த மிளகாயைக் கேளுங்கள். அது தன் பிறப்பைச் சொல்லும். அமெரிக்கக் கண்டத்திலே விளைந்தது மிளகாய். 1492இல் கொலம்பசு அக்கரையை எட்டிய பிறகு, போர்த்துகீசியர் கப்பலேறி இங்கே வந்தது. அதற்கு முன் மிளகும் இஞ்சியுமே நமக்குக் காரம் தந்தன. தக்காளியும் உருளைக்கிழங்கும் அந்தக் கண்டத்தின் பிள்ளைகளே. காபியோ, எத்தியோப்பியாவிலே முளைத்து, ஏமனிலே பானமாகி, அரபு வணிகர் வழியே உலகைச் சுற்றி வந்தது. வந்ததையெல்லாம் வரவேற்றுச் சமைத்தது நம் அடுப்பு, அது பெருமை! வந்ததை வந்ததென்று கூறாமல், வேதகாலத்திலேயே வெந்ததென்று கூறுவது சிறுமை!

பேருந்து திருவல்லிக்கேணிக்குச் சென்றது. காபியின் மணம் பற்றிப் பத்து நிமிடம் பேச்சு. அதே திருவல்லிக்கேணியிலே 1957ஆம் ஆண்டு நடந்தது என்ன? உணவு விடுதியின் பெயர்ப்பலகையிலே ‘பிராமணாள்’ என்ற சொல் வீற்றிருந்தது. காசு கொடுத்துச் சாப்பிடும் கடையிலே சாதிக்கு என்ன வேலை என்று கேட்டுப் பெரியார் மறியல் தொடங்கினார். நாள்தோறும் தொண்டர்கள் சென்றனர், நாள்தோறும் சிறைப்பட்டனர், மாதக்கணக்கிலே நடந்தது அந்தப் போர். அதற்கும் முன்னர், இரயில் நிலையச் சிற்றுண்டிச் சாலைகளிலே பார்ப்பனருக்கு ஓரிடம், ஏனையோருக்கு வேறிடம் என்றிருந்த முறை, 1941இல்தான் ஒழிந்தது. இன்று எவரும் எந்த மேசையிலும் அமர்ந்து காபி அருந்துகிறோமே, அந்த நாற்காலிக்கு விலை கொடுத்தவர் சிறையிலே கிடந்தவர்கள்! இதைப் பற்றி ஒரு சொல் உண்டா? இல்லை. நுரையைப் பற்றித்தான் பேச்சு.

அடுத்து, பாரிமுனைப் பக்கம், அத்தோ கடை. நூடுல்சோடு முட்டைக்கோசும் வெங்காயமும் புளிக்கரைசலும் பிசைந்து கொடுத்து, கூடவே வாழைத்தண்டுச் சூப்பும் தந்தனர். ‘விந்தையான பண்டம்’ என்றார் வழிகாட்டி. விந்தையா அது? வேதனை! பர்மாவிலே 1962இல் இராணுவ ஆட்சி வந்து, 1964இல் கடைகள் நாட்டுடைமையானபோது, உழைத்துச் சேர்த்ததை விட்டுவிட்டு, வெறுங்கையோடு கப்பலேறிய தமிழர்கள் பல்லாயிரவர். அவர்கள் நெஞ்சிலே சுமந்துவந்த சொத்து இந்தச் சமையல். தட்டைக் காட்டினார்கள், தட்டை ஏந்திவந்த அகதியைக் காட்டவில்லை.

பிறகு சௌகார்பேட்டை. தங்கசாலைத் தெருவிலே கச்சோரி, முறுக்கு சாண்ட்விச், பாதாம் பால். உண்டு முடித்ததும் யானைகவுனி அருகே பேருந்து திரும்பிற்று. “பயணம் இனிதே நிறைவுற்றது!” என்று அறிவித்தார் இளைஞர்.

நான் எழுந்து கேட்டேன்: “இன்னும் சற்றுத் தொலைவு சென்று பேசின் பாலத்தைத் தாண்டினால் புளியந்தோப்பு, வியாசர்பாடி. மாலையானால் தள்ளுவண்டிகளிலே மாட்டிறைச்சிப் பிரியாணி ஆவி பறக்கும். வடகிழக்கே சென்றால் காசிமேடு. நெத்திலியும் வஞ்சிரமும் மணக்கும். அங்கெல்லாம் போகாதா இந்தப் பேருந்து?”

இளைஞர் ஒலிபெருக்கியை அணைத்தார். குரலைத் தாழ்த்தினார். “அது நம்ம வழியில இல்ல சார். குடும்பமா வர்றாங்க, சுத்தமான இடமாப் பாருன்னு சொல்லியிருக்காங்க.” சற்று நேரம் சும்மா இருந்தார். பிறகு சொன்னார்: “எங்க வீடே புளியந்தோப்புலதான் சார்.”

அவரை நான் குறை கூறவில்லை. எழுதிக் கொடுத்ததை ஒப்புவித்தார், கூலி அதற்குத்தான். ஆனால், தன் தாய் சமைத்த சோற்றை நகரின் கணக்கிலே சேர்க்காத பேருந்துக்குத் தானே வழிகாட்டியாக நிற்கும் நிலை இருக்கிறதே, அதை எண்ணிப் பாருங்கள்!

சுத்தமாம், சுத்தம்! எது சுத்தம்? ஈ மொய்த்தால் அது எந்தக் கடையானாலும் கேடு; சுகாதார அதிகாரி பார்த்துக்கொள்வார். இவர்கள் சொல்லும் சுத்தம் சோப்புப் போட்டால் வருவதன்று. பிறப்பைப் பார்த்து வருவது! சுவரிலிருந்து இறங்கிய பழைய பலகை, இப்போது பேருந்தின் வழித்தடத்திலே ஏறி உட்கார்ந்திருக்கிறது.

தனியார் பேருந்து மட்டுமா? 2022 ஆகஸ்டிலே சென்னைத் தீவுத்திடலிலே உணவுத் திருவிழா நடந்தது. அரசு நடத்தியது. முதலில் மாட்டிறைச்சிக் கடை ஒன்றுகூட இல்லை. ஏனென்று கேள்வி எழுந்த பிறகே இடம் கிடைத்தது. அதே ஆண்டு மே திங்களில் ஆம்பூரிலே திட்டமிட்ட பிரியாணித் திருவிழாவிலும் இதே விலக்கு, இதே எதிர்ப்பு, விழாவே ஒத்திவைக்கப்பட்டது. கேட்டால்தான் கிடைக்கிறது என்றால், கேளாதபோது நாம் யார்?

“குறளிலே புலால் மறுத்தல் அதிகாரம் உண்டே!” என்பர் சிலர். உண்டு. வள்ளுவர் அருளைப் பேசினார், குலத்தைப் பேசவில்லை. உயிரிடத்து இரங்கினார், எந்தத் தெருவின் உலைக்கும் தீட்டு எழுதவில்லை. அவர் சொல்லை ஏற்றுப் புலால் துறப்பவரை வணங்குவேன். அதே தமிழிலேதான், கரிகாலன் அளித்த இறைச்சியைத் தின்று தின்று பல் மழுங்கியதாகப் பேசும் பொருநனும் இருக்கிறான், பொருநராற்றுப்படையிலே. உண்பதும் மறுப்பதும் அவரவர் உரிமை. ஒருவர் தட்டை ‘மரபு’ என்றும், மற்றவர் தட்டை ‘அசுத்தம்’ என்றும் பிரிக்கும் உரிமை எவருக்கும் இல்லை!

இதன் விளைவை வகுப்பறையிலே காண்கிறேன். ‘எங்கள் வீட்டு ஞாயிற்றுக்கிழமை உணவு’ என்று கட்டுரை எழுதச் சொன்னேன். இட்டிலி, சாம்பார், தயிர்ச்சோறு என்றே வந்தன பெரும்பாலான தாள்கள். ஞாயிறன்று அந்தத் தெருக்களிலே வீசும் மணம் எனக்குத் தெரியும். ஒரு சிறுமி மட்டும் அருகே வந்து, மெல்லக் கேட்டாள்: “நெசமா சாப்பிடுறத எழுதலாமா சார்?”

பத்து வயதுக் குழந்தைக்கு அந்த அச்சத்தை ஊட்டியவர் யார்? 2023ஆம் ஆண்டு தூத்துக்குடி மாவட்டச் சிற்றூர் ஒன்றிலே, தாழ்த்தப்பட்ட பெண் சமைத்தார் என்பதற்காகக் காலை உணவை உண்ணவிடாமல் பிள்ளைகளைத் தடுத்தனரே பெற்றோர், அந்த நஞ்சும் பேருந்தின் ‘சுத்த’மும் ஒரே கிணற்றுத் தண்ணீர்தான்!

தோழர்களே! இந்த நகரின் உணவு வரலாற்றைக் காட்ட வேண்டுமானால், பேருந்து முதலில் நிற்க வேண்டிய இடம் ஆயிரம்விளக்கு. 1920இல், தியாகராயர் தலைமையேற்றிருந்த சென்னை மாநகராட்சி, பிள்ளை ஒன்றுக்கு நாளுக்கு ஓரணாவுக்கு மிகாமல் செலவிட்டு, அங்கிருந்த பள்ளியிலே உணவு தர முடிவு செய்தது. அந்த ஓரணா 1956இல் காமராசரின் மதிய உணவாயிற்று; 2022இல் காலை உணவாயிற்று. எல்லாச் சாதிப் பிள்ளையும் ஒரே வரிசையிலே அமர்ந்து உண்டது, உண்பது, அங்கேதான்.

இளைஞர்களே, நீங்களே அழைத்துச் செல்லுங்கள் உங்கள் நண்பர்களை! ஆயிரத்து ஐந்நூறு வேண்டாம். மாநகரப் பேருந்துச் சீட்டு போதும். மயிலாப்பூரிலே இட்டிலி உண்ணுங்கள். பாலத்தைத் தாண்டிப் பிரியாணியும் உண்ணுங்கள். உண்ணாதவர் உடன் அமருங்கள். அந்தச் சிறுமிக்கு நான் “எழுதம்மா” என்றேன். எழுதினாள், ஒன்றரைப் பக்கம். அடுத்த வாரம் அதை வகுப்பிலே உரக்கப் படிக்கப் போகிறாள்.