ஆபரேஷனுக்கு முன் ‘ரெஸ்ட்’ மட்டும் போதுமா? ‘பிரீஹாபிலிடேஷன்’ சொல்வது என்ன?

“வயசாச்சு, சுகர் வேற இருக்கு, உடம்பு தாங்குமா?” பெரிய ஆபரேஷன் என்றதும் பல வீடுகளில் எழும் கேள்வி இது. அடுத்த நொடியே, “அசையாம ரெஸ்ட் எடுங்க” என்று நோயாளியைப் படுக்க வைத்துவிடுகிறோம். ஆனால், ஆபரேஷனுக்காகக் காத்திருக்கும் அந்தச் சில வாரங்களும் சிகிச்சைக் காலம்தான் என்கிறது ‘பிரீஹாபிலிடேஷன்’ எனப்படும் முன்தயாரிப்பு முறை.

ஏன் தேவை?

பெரிய அறுவை சிகிச்சையின்போதும் அதன்பிறகும் உடலின் ஆக்சிஜன் தேவை கூடும். இதயமும் நுரையீரலும் அதற்கு ஈடுகொடுக்க வேண்டும். படுத்தே கிடந்தால் தசை கரையும். நாலு படி ஏறினாலே மூச்சு வாங்குபவருக்கு நிமோனியா போன்ற சிக்கல்கள் வரும் ஆபத்து அதிகம்.

என்ன செய்வார்கள்?

நடை, தசைப் பயிற்சி, மூச்சுப் பயிற்சி. முட்டை, பருப்பு, மீன் என்று புரத உணவு. பயத்தைக் குறைக்க மனநல ஆலோசனை. கூடவே ரத்தசோகை, சர்க்கரையைச் சரிசெய்வது, சிகரெட்டை நிறுத்துவது. “சொன்னா பயந்துடுவார்” என்று நோயையே மறைத்தால், அவர் எதற்குத் தயாராவார்?

பலன் உண்டா?

கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகக் குழு, பெருங்குடல் புற்றுநோயாளிகள் 77 பேரிடம் செய்த ஆய்வு 2014-ல் வெளியானது. இரு பிரிவினருக்கும் ஒரே பயிற்சித் திட்டம்தான். ஒரு பிரிவு ஆபரேஷனுக்கு முன்பே தொடங்கியது. மற்றது பிறகு தொடங்கியது. 8 வாரங்கள் கழித்து, பழைய நடைத்திறனை மீண்டும் பெற்றவர்கள் முதல் பிரிவில் 84%, இரண்டாவதில் 62%. இதே நோயாளிகள் 251 பேரிடம் ஐரோப்பாவில் நடந்த ஆய்வு 2023-ல் வெளியானது. 4 வாரத் தயாரிப்பு பெற்றவர்களில் கடுமையான சிக்கல் 17.1%, பெறாதவர்களில் 29.7%. இங்கிலாந்தின் கிரேட்டர் மான்செஸ்டரில் 2019 முதல் இது புற்றுநோய் சிகிச்சையோடு சேர்த்தே வழங்கப்படுகிறது.

எல்லோருக்கும் பொருந்துமா?

அவசர ஆபரேஷனுக்கு அவகாசம் இருக்காது. பயிற்சிக்காகப் புற்றுநோய் ஆபரேஷனை நீங்களாகத் தள்ளிப்போடவும் கூடாது. கிடைக்கிற நாட்களைப் பயன்படுத்தினால் போதும். நெஞ்சுவலி, இதய வால்வுக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் எதையும் தொடங்க வேண்டாம்.

அடுத்த முறை டாக்டரிடம் “ஆபரேஷன் எப்போ?” என்று கேட்கும்போது, “அதுவரைக்கும் நான் என்ன செய்யணும்?” என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.