மொட்டைக்குப் பஞ்சமில்லாத ஊர்

ஏர்பேட்டில் மழித்த தலையோடு வேலைக்குத் திரும்பினால் ஏன் என்று யாரும் கேட்க மாட்டார்கள். திருமலை பக்கத்திலேயே இருக்கிறது, கல்யாண கட்டாவில் முடி கொடுத்துவிட்டு வந்திருப்பார் என்று தாங்களே முடிவுகட்டி, "லட்டு எங்கே?" என்பார்கள். தலையை மழித்து, முடி நடும் சிகிச்சை செய்துகொண்டவருக்கு இதைவிடத் தோதான ஊர் ஏது? கிட்டே போனால்தான் குட்டு வெளிப்படும்: பின்மண்டையில் ஊசி குத்தினாற்போல் புள்ளிகள், முன்நெற்றியில் பொடிப்பொடியாகப் பக்கு. அது உதிரப் பத்து நாள் ஆகலாம். நாற்காலி வேலைக்குச் சில நாளில் திரும்பிவிடலாம். காளஹஸ்தி சாலை வெயிலில் ஹெல்மெட்டோடு அலைகிற வேலைக்கு அந்த அவசரம் ஆகாது. உண்மையான சோதனை பிறகுதான். நட்ட முடி சில வாரங்களில் கொட்டும். வேர் உள்ளே இருக்கும், மூன்று நான்கு மாதத்தில் துளிர்க்கும், முழுப்பலன் தெரிய ஒரு வருஷம் பிடிக்கும். இதை முன்கூட்டிச் சொல்லாத கிளினிக்குகள்மேல்தான் எனக்குக் கோபம்.

ஊருக்கு மறைப்பது அவரவர் இஷ்டம். ஆனால் கூச்சப்பட்டு, வீட்டுக்கும் சொல்லாமல், மலிவாக முடிக்கிற இடத்தைத் தேடிப் போவது வேறு. 2016இல் சென்னையில் இந்தச் சிகிச்சைக்குப் பின் இறந்தவர் ஒரு மருத்துவ மாணவர்! யூடியூப் பார்த்துக் கற்றதெல்லாம் பயிற்சி ஆகாது என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் எழுதியே சொல்ல வேண்டியிருந்தது. எத்தனை முடி நடுவீர்கள் என்று கேட்கிறவர்கள், கத்தியைப் பிடிக்கப்போவது டாக்டரா, உதவியாளரா என்று கேட்பதில்லை.