கையெழுத்துப் போடும் முன் அவனைக் கேட்டீர்களா?

போன சித்திரையில் ஒரு வெள்ளிக்கிழமை. கூழ் கிளறி, மொட்டை மாடியில் வடாம் பிழிந்துகொண்டிருந்தேன். மூச்சிரைக்கப் படியேறி வந்து நின்றாள் என் பெரியப்பா மகள். கையில் நாலு பக்கக் காகிதம். பின்னாலேயே அவள் பிள்ளையும் வந்து, ஓரமாகத் துளசித் தொட்டி அருகில் உட்கார்ந்துகொண்டான்.

"ஏண்டி, நீ பத்திரிகைக்கெல்லாம் எழுதறவளாச்சே, இதைப் படிச்சுச் சொல்லு. என் புள்ளையை ஆராய்ச்சியிலே சேர்க்கலாமான்னு ஆஸ்பத்திரியிலே கேட்கறாங்க. எலியை வெச்சுப் பார்க்கற மாதிரி இவனை வெச்சுப் பார்க்கப் போறாங்களா?"

சகோதரிகளே, அவள் பதற்றத்துக்குக் காரணம் இருக்கிறது. பையனுக்கு வயது இருபத்தாறு. கல்லூரியில் கடைசி வருஷம் படிக்கும்போது, தெருவில் போகிறவர்கள் எல்லாம் தன்னைப் பற்றியே பேசுவதாகச் சொல்ல ஆரம்பித்தான். யாருமில்லாத அறையில் அவனுக்கு மட்டும் குரல்கள் கேட்டன. கோயில், மந்திரிப்பு எல்லாம் முடிந்து, எட்டு மாதம் கழித்துத்தான் டாக்டரிடம் போனார்கள். மனச்சிதைவு நோய், இங்கிலீஷில் ஸ்கிஸோஃப்ரினியா என்றார் அவர். மாத்திரையில் குரல்கள் அடங்கின. "நல்லாத்தானே இருக்கான், இன்னும் எதுக்கு மாத்திரை?" என்று ஒரு உறவினர் சொல்ல, நிறுத்தினார்கள். மூன்றே மாதத்தில் பழைய கதை.

அந்த உறவினர் வேறு யாருமில்லை. நான்தான்! அந்தக் குற்ற உணர்ச்சியில்தான் இந்த நோயைப் பற்றித் தேடித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். நான் டாக்டர் இல்லை. படித்ததையும் கேட்டதையும்தான் சொல்கிறேன்.

மாடி நிழலில் உட்கார்ந்து காகிதத்தைப் படித்தோம். விஷயம் இதுதான். இப்போது குரல்கள் இல்லாவிட்டாலும் அவனுக்கு எதிலும் நாட்டமில்லை. குளிக்கக்கூட நாலு முறை சொல்ல வேண்டும். இந்தச் சோர்வுக்கு மாத்திரைகள் அவ்வளவாக உதவுவதில்லை. அதனால், வழக்கமான மருந்தோடு யோகாசனமும் சேர்த்தால் பலன் உண்டா என்று பார்க்கப் போகிறார்கள்.

"எல்லாருக்கும் யோகா சொல்லித் தந்தாலும் பரவாயில்லே. சீட்டுக் குலுக்கற மாதிரி குலுக்கி, பாதிப் பேருக்குத்தான் தருவாங்களாம். என் புள்ளை என்ன ஏலச்சீட்டா?" என்றாள் அக்கா.

நான் சிரிக்கவில்லை. நியாயமான கேள்விதானே?

"அக்கா, புது மளிகைக் கடை உளுந்து வாங்கின அன்னிக்கு மாவு பானை நிறையப் பொங்கிச்சுன்னு வெச்சுக்கோ. உளுந்துதான் காரணம்னு சொல்லிடுவியா? அன்னிக்கு வெயில் அதிகமா இருந்திருக்கலாமே? ரெண்டு உளுந்தையும் ஒரே நாள், ஒரே மாதிரி அரைச்சு, ரெண்டு பாத்திரத்திலே பக்கத்துலே பக்கத்துலே வெச்சாத்தானே உண்மை தெரியும்?"

இப்படி ஒப்பிட்டுப் பார்க்காமல் போனதால் நேர்ந்ததைக் கேளுங்கள். 1930-களிலிருந்து இந்த நோய்க்கு இன்சுலின் ஊசி போட்டு, நோயாளியை நினைவிழக்கச் செய்யும் சிகிச்சை இருந்தது. வாரக்கணக்கில்! சிலர் உயிரும் போயிற்று. "ஆனால் குணமாகிறார்களே!" என்று உலகம் முழுவதும் டாக்டர்கள் நம்பினார்கள். 1957-ல் லண்டனில் முடிந்த ஓர் ஆராய்ச்சியில், ஒரு பிரிவினருக்கு இன்சுலினால் மயக்கம், மற்றவர்களுக்குச் சாதாரண மயக்க மருந்தால் மயக்கம் கொடுத்தார்கள். கவனிப்பு இரண்டு பிரிவுக்கும் ஒன்றேதான். பலனில் வித்தியாசமே இல்லை! நோயாளிகளைத் தேற்றியது இன்சுலின் அல்ல என்று புரிந்தது. கூடவே இருந்து நர்ஸுகள் காட்டிய அக்கறைதான் அவர்களைத் தேற்றியிருக்க வேண்டும் என்று பலர் சொன்னார்கள். அந்த ஆபத்தான சிகிச்சை மெல்ல மறைந்தது. அந்தக் குலுக்கல் எத்தனை பிள்ளைகளைக் காப்பாற்றியிருக்கும், யோசித்துப் பாருங்கள்!

"அப்போ இவன் சாப்பிடற மாத்திரை?" என்றாள் அக்கா.

அதற்கும் ஒரு கதை உண்டு. குளோர்ப்ரோமஸின் என்ற மருந்தை முதலில் ஆபரேஷன் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தவர் லபோரி என்ற பிரெஞ்சு சர்ஜன். அவர்கள் தூங்காமலேயே அமைதியானதைக் கவனித்தார். 1952-ல் பாரிஸில் டிலே, டெனிக்கர் என்ற இரு டாக்டர்கள் அதை மனநோயாளிகளுக்குக் கொடுத்து, பலனை எழுதி வைத்தார்கள். இன்றைய மாத்திரைகளுக்கெல்லாம் அதுதான் பிள்ளையார் சுழி.

இன்னொரு மருந்து குளோஸபின். 1975-ல் பின்லாந்தில் இதைச் சாப்பிட்ட சிலருக்கு இரத்தத்தில் வெள்ளை அணுக்கள் அபாயமாகக் குறைந்து, உயிர் போயிற்று. பல நாடுகளில் மருந்து நிறுத்தப்பட்டது. ஆனால் வேறெந்த மருந்துக்கும் மசியாதவர்கள் கதி? அப்படிப்பட்ட 268 பேரை வைத்து அமெரிக்காவில் ஆறு வாரம் ஒப்பிட்டுப் பார்த்து, 1988-ல் முடிவை வெளியிட்டார்கள். குளோஸபின் சாப்பிட்டவர்களில் 100-க்கு 30 பேர் தேறினார்கள். பழைய மருந்தில் தேறியவர்கள் 100-க்கு 4 பேர்தான். அதனால்தான் அடிக்கடி இரத்தம் சோதிக்கும் நிபந்தனையோடு அந்த மருந்து திரும்பி வந்தது. உங்கள் வீட்டில் யாராவது இதைச் சாப்பிட்டால், டாக்டர் சொல்லும் இரத்தப் பரிசோதனையை ஒரு முறைகூடத் தள்ளிப் போடாதீர்கள். காய்ச்சலோ தொண்டை வலியோ வந்தால் உடனே ஓடுங்கள்.

ஆராய்ச்சி என்றால் மருந்து மட்டும்தான் என்றும் நினைக்க வேண்டாம். பெங்களூர் நிம்ஹான்ஸில் 61 பேரை வைத்து நான்கு மாதம் யோகாசனத்தையும் உடற்பயிற்சியையும் ஒப்பிட்டார்கள். 2007-ல் வந்த முடிவில் யோகாசனப் பிரிவுக்கே கூடுதல் பலன். 61 பேர் போதாது என்பதால்தான் இப்படி மறுபடியும் பார்க்கிறார்கள். நம் காஞ்சிபுரம் மாவட்டத்திலும், கோவா, சதாராவிலுமாக 282 பேரிடம் நடந்த ஆராய்ச்சியின் முடிவு 2014-ல் வந்தது. பயிற்சி பெற்ற சாதாரண ஊழியர்கள் வீடு தேடிப் போய், மாத்திரையை ஞாபகப்படுத்தி, குடும்பத்தோடு பேசினார்கள். பலன் பிரமாதம் என்று சொல்ல முடியாது, ஓரளவுதான். ஆனால் அதிகம் தெரிந்தது தமிழ்நாட்டில்!

நானும் அக்காவும் இப்படி மாறி மாறிப் பேசிக்கொண்டே இருந்தோம். திடீரென்று துளசித் தொட்டிப் பக்கமிருந்து குரல்.

"சித்தி, இதுலே சேர்ந்தா இப்ப சாப்பிடற மாத்திரையை நிறுத்திடுவாங்களா?"

இரண்டு பேருக்கும் சுருக்கென்றது. ஒரு மணி நேரமாக அவன் தலைக்கு மேலேயே பேசிக்கொண்டிருக்கிறோம். அவனை ஒரு வார்த்தை கேட்கவில்லை! எங்கள் இருவருக்கும் தோன்றாத கேள்வியை, மாத்திரை நின்றால் என்ன ஆகும் என்று பட்டுத் தெரிந்தவன் கேட்டான். என்னால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. காகிதத்தில் தேடினோம். "வழக்கமான மருந்து தொடரும்" என்று இரண்டாம் பக்கத்திலேயே இருந்தது.

உங்கள் வீட்டுக்கும் இப்படி ஒரு காகிதம் வந்தால், அவசரமாகக் கையெழுத்துப் போடவும் வேண்டாம், கிழித்துப் போடவும் வேண்டாம். இவற்றைக் கேளுங்கள்:

* இப்போதைய மருந்து தொடருமா? மாற்றினால், நோய் திரும்பும்போது யார் கவனிப்பார்கள்?

* குலுக்கலில் எந்தெந்தப் பிரிவு? வெறும் மாத்திரை தரும் பிரிவு உண்டா?

* நெறிமுறைக் குழு அனுமதி தந்திருக்கிறதா? தேசியப் பதிவேட்டில் பதிந்த எண் என்ன? (2009 முதல் மருந்து ஆராய்ச்சிகளை அதில் பதிவது கட்டாயம்.)

* கெடுதல் நேர்ந்தால் இலவச சிகிச்சையும் நஷ்டஈடும் உண்டா? இரவில் யாருக்குப் போன் செய்வது?

* நடுவில் விலகலாமா? விலகினால் வழக்கமான சிகிச்சை குறையுமா?

குறையக்கூடாது. 2017-ம் வருஷத்து மனநலச் சட்டப்படி எப்போது வேண்டுமானாலும் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். அதே சட்டம் இன்னொன்றும் சொல்கிறது. நோயாளியின் சுதந்திரமான சம்மதம் வேண்டும். யோசித்து முடிவெடுக்கும் நிலையில் அவர் இருந்தால், அம்மா போடும் கையெழுத்து அவருடையதற்கு ஈடாகாது.

எங்கள் பையன் காகிதத்தை வீட்டுக்கு எடுத்துப் போய் மூன்று நாள் வைத்துப் படித்தான். தானே டாக்டரிடம் இரண்டு சந்தேகம் கேட்டான். தானே கையெழுத்துப் போட்டான்.

குலுக்கலில் என்ன வந்தது என்கிறீர்களா? யோகா இல்லாத பிரிவு! அக்காவுக்கு முகமே விழுந்துவிட்டது. "பார்த்தியா, என் புள்ளைக்கு மட்டும்..." என்று ஆரம்பித்தாள்.

"இருக்கட்டும்மா. நான் இல்லாட்டி அவங்க எதோட ஒப்பிட்டுப் பார்ப்பாங்க?" என்றான் அவன்.

பல மாதங்களுக்குப் பிறகு அவனாக முன்வந்து பேசிய நீளமான வாக்கியம் அதுதான். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் வடாம் தட்டை அவன் பக்கம் நகர்த்தினேன்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பிள்ளை ஓரமாக உட்கார்ந்திருந்தால், இன்றைக்கே அவனிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். அடுத்த இதழில் சந்திப்போம்.