கூட்டா, தனியா? ஹாரிசன் ரசிகர்களின் தீராத வழக்கு

பீட்டில்ஸ் என்ற பெயரைக் கேள்விப்படாதவர்கள் உலகில் குறைவு. இங்கிலாந்தில் லிவர்பூல் என்ற துறைமுகப் பட்டினத்தில் பிறந்த நான்கு வாலிபர்கள் நடத்திய பாட்டுக் கோஷ்டி அது. மின்சாரக் கிட்டாரும் டிரம்மும் முழங்கும் ராக் இசைதான் அவர்களுடைய இசை. 1960-ல் அந்தப் பெயரைச் சூட்டிக்கொண்டார்கள். 1970-ல் பிரிந்துவிட்டார்கள். பத்தே ஆண்டுகள்!

கோஷ்டி கலைந்து அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது. ஆனால் ரசிகர்களின் சண்டை கலையவில்லை. அந்தச் சண்டைகளில் ஒன்று ஜார்ஜ் ஹாரிசனைப் பற்றியது.

ஹாரிசன் அந்தக் கோஷ்டியின் கிட்டார் வித்துவான். நால்வரில் வயதில் இளையவர். அவர் கோஷ்டியோடு சேர்ந்து செய்த பாட்டுகள் உயர்ந்தவையா? பிரிந்த பிறகு தனியாகச் செய்தவை உயர்ந்தவையா? இதுதான் வழக்கு.

"கோஷ்டி இல்லாவிட்டால் ஹாரிசன் ஏது?" என்று ஒரு கட்சி கேட்கிறது. "கோஷ்டி அவரை அமுக்கி வைத்திருந்தது. வெளியே வந்த பிறகுதான் மூச்சு விட்டார்" என்று மறு கட்சி பதில் சொல்கிறது. இரண்டு கட்சியிலும் உண்மை இருக்கிறது. ஆனால் இரண்டும் சம எடை உள்ளவை அல்ல.

மாடி பஸ்ஸில் பரீட்சை

ஹாரிசன் 1943-ம் ஆண்டு பிப்ரவரி 25-ந் தேதி பிறந்தார். தகப்பனார் பஸ் கண்டக்டர். சின்ன வீடு, கழிப்பறைகூட வெளியேதான். பையனுக்குக் கிட்டார் மேல் ஆசை வந்தது. தாயார் தடுக்கவில்லை. பழைய கிட்டார் ஒன்றை வாங்கிக் கொடுத்து ஊக்கமும் கொடுத்தார்.

பள்ளிக்கூடம் போகும் பஸ்ஸில் பால் மக்கார்ட்னி என்ற பையன் சிநேகமானான். பால் அவரை ஜான் லெனனிடம் அழைத்துப் போனான். "இவன் சின்னப் பையன்" என்று லெனன் தயங்கினார். ஒரு நாள் இரவு மாடி பஸ்ஸின் மேல் தட்டில் ஹாரிசன் ஒரு மெட்டை வாசித்துக் காட்டினார். கோஷ்டியில் இடம் கிடைத்துவிட்டது. அது 1958-ம் ஆண்டு. அப்போது அவருக்குப் பதினைந்து வயதுகூட ஆகியிருந்ததோ இல்லையோ!

இந்த வயது வித்தியாசத்தை மறக்கக் கூடாது. பின்னால் நடந்த பலவற்றுக்கு வேர் அதில்தான் இருக்கிறது. ஜானும் பாலும் அண்ணன்மார். ஜார்ஜ் தம்பி. உலகமே கொண்டாடிய பிறகும் தம்பி தம்பியாகத்தான் இருந்தார்.

அண்ணன்மார் இருவரும் சேர்ந்து பாட்டுக் கட்டுவார்கள். ஒவ்வொரு இசைத்தட்டிலும் அவர்கள் பாட்டுதான் அதிகம். தம்பிக்கு ஒன்றோ இரண்டோ கிடைக்கும். 1968-ல் முப்பது பாட்டுகளோடு இரட்டைத் தட்டு ஒன்று வந்தது. அதில் ஹாரிசனுக்கு நான்கு. கோஷ்டி வெளியிட்ட இருநூறுக்கு மேற்பட்ட பாட்டுகளில் அவருடையவை இருபதுக்குச் சற்று மேல்தான்.

கூட்டுக் குடும்பத்தில் வளர்ந்தவர்களுக்கு இது புதிய சங்கதி அல்ல. பந்தியில் தம்பிக்குக் கடைசி இலை. தம்பி பேச வாயெடுத்தால், "நீ சும்மா இரு" என்று ஒரு குரல்.

அதற்காக அண்ணன்மாரைக் கொடியவர்கள் என்று சொல்லிவிட முடியாது. ஆரம்ப நாட்களில் ஹாரிசன் கட்டிய பாட்டுகள் சுமார் ரகம்தான். பக்கத்தில் இரண்டு பெரிய பாட்டு ஆசிரியர்கள் தினம் தினம் வேலை செய்ததைப் பார்த்துத்தான் அவர் கற்றுக்கொண்டார். அப்படி ஒரு பள்ளிக்கூடம் எவருக்குக் கிடைக்கும்? முதல் கட்சியாரின் வாதத்தில் வலுவான இடம் இதுதான்.

சிதார் வந்தது

1965-ல் ஹாரிசன் கையில் சிதார் ஏறியது. லெனன் கட்டிய ஒரு பாட்டில் அதை மீட்டினார். மறு ஆண்டு பண்டித ரவிசங்கரைச் சந்தித்தார். முறையாகப் பாடம் கேட்க இந்தியாவுக்கே வந்தார். பேரும் பணமும் குவிந்த ஒருவர் தரையில் சம்மணமிட்டு அமர்ந்து சரளி வரிசையைப் போன்ற ஆரம்பப் பாடம் படித்தது, அந்த நாளில் பெரிய அதிசயம்.

1967-ல் வெளிவந்த புகழ்பெற்ற தட்டில் அவருக்குக் கிடைத்தது ஒரே ஒரு பாட்டு. அதை லண்டனில் இருந்த இந்திய வாத்தியக்காரர்களை வைத்துச் செய்தார். மற்ற மூன்று பேரும் அதில் வாசிக்கவே இல்லை. வெளியே கோஷ்டியின் பெயர். உள்ளே ஹாரிசன் தனி ஆள். இதைக் கூட்டுக் கணக்கில் எழுதுவதா, தனிக் கணக்கில் எழுதுவதா? வழக்கு எவ்வளவு சிக்கலானது என்பதற்கு இந்த ஒரு பாட்டே போதும்.

1969 ஜனவரியில் குடம் நிறைந்து வழிந்தது. லண்டனில் சினிமாக் காமிராக்கள் சுற்றி நிற்க, நால்வரும் ஒத்திகை பார்த்தார்கள். பல நாள் புகைச்சல். 10-ந் தேதி ஹாரிசன் எழுந்து போய்விட்டார். திரும்பி வரப் பத்து நாளுக்கு மேல் ஆயிற்று. அந்த ஒத்திகைக் காட்சிகள் 2021-ல் நீண்ட படமாக வெளிவந்தன. தம்பி புதுப் பாட்டைப் பாடிக் காட்டுவதையும், மற்றவர்கள் அரை மனதோடு கேட்பதையும் ரசிகர்கள் கண்ணாலேயே பார்த்தார்கள். வழக்கு மறுபடி சூடு பிடித்தது.

அதே ஆண்டில்தான் அவருடைய இரண்டு மணியான பாட்டுகள் கோஷ்டியின் தட்டில் வந்தன. ஒன்று 'சம்திங்'. மற்றொன்று 'ஹியர் கம்ஸ் தி சன்'. இரண்டாவது பாட்டு பிறந்த விதம் ருசிகரமானது. கம்பெனிக் கணக்கு வழக்குக் கூட்டங்கள் அவருக்கு அலுத்துவிட்டன. ஒரு நாள் கூட்டத்துக்கு மட்டம் போட்டார். நண்பர் எரிக் கிளாப்டனின் வீட்டுக்குப் போனார். தோட்டத்தில் இளவெயில் அடித்தது. நண்பரின் கிட்டாரை வாங்கி மீட்டினார். பாட்டு வந்துவிட்டது.

'சம்திங்' பாட்டுக்கு நேர்ந்த கதி வேறு. அமெரிக்கப் பாடகர் பிராங்க் சினாத்ரா அதை மிக உயர்ந்த காதல் பாட்டு என்று புகழ்ந்தார். மேடையிலும் பாடினார். ஆனால் இதை எழுதியவர்கள் லெனனும் மக்கார்ட்னியும் என்று சொல்லிவிட்டார்! பாட்டு தம்பியுடையது. பெயர் அண்ணன்மாருக்கு.

மடை திறந்தது

1970 ஏப்ரலில் கோஷ்டி உடைந்தது. அந்த நவம்பர் 27-ந் தேதி ஹாரிசனின் தட்டு வந்தது. ஒரு தட்டு அல்ல, பெட்டிக்குள் மூன்று. பெயர் 'ஆல் திங்ஸ் மஸ்ட் பாஸ்'. மூன்றாவது தட்டு நண்பர்கள் கூடி வாசித்த கச்சேரி; அதை விட்டுவிடலாம். முதல் இரண்டில் பதினெட்டுப் பாட்டுகள். அவற்றில் சில, கோஷ்டியின் ஒத்திகையில் பாடிக் காட்டிக் கிடப்பில் போடப்பட்டவை. தட்டின் பெயரைத் தாங்கிய பாட்டுக்கே அந்தக் கதிதான்!

அமெரிக்காவில் அந்தத் தட்டு ஏழு வாரம் முதல் இடத்தில் இருந்தது. 'மை ஸ்வீட் லார்ட்' என்ற பக்திப் பாட்டு அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் முதல் இடத்தைப் பிடித்தது. கோஷ்டி பிரிந்த பிறகு நால்வரில் முதலில் அந்த இடத்தை எட்டியவர் கடைசித் தம்பிதான். ராம நாமமும் கிருஷ்ண நாமமும் அந்தப் பாட்டில் ஒலித்தன.

மறு கட்சியாரின் பிரம்மாஸ்திரம் இந்தத் தட்டு. அது வீண் பெருமை அல்ல. முழுத் தட்டாக எடுத்துக்கொண்டால், ஹாரிசன் என்ற மனிதரை அறிய இதைவிட நல்லது கிடையாது. துயரமும் பக்தியும் குறும்பும் அதில் சேர்ந்தே வருகின்றன. வேறு யார் அனுமதிக்காகவும் காத்திராத குரல் அது.

ஆனால் 'தனி' என்ற சொல்லைக் கொஞ்சம் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். அந்தத் தட்டில் ஒரு பட்டாளமே வாசித்தது. டிரம் அடித்தவர்களில் பழைய கோஷ்டித் தோழர் ரிங்கோ ஸ்டாரும் ஒருவர். கிளாப்டனும் இருந்தார். பில் ஸ்பெக்டர் என்பவர் எதிரொலியை அள்ளி அள்ளிப் பூசியிருந்தார். அது அதிகம் என்று பின்னாளில் ஹாரிசனே நினைத்தார். தட்டின் மறுபதிப்பு 2001-ல் வந்தபோது அதை எழுதியும் வைத்தார்.

பிறகு என்ன ஆயிற்று? இங்கேதான் மறு கட்சியார் கொஞ்சம் பேச்சை மாற்றுவார்கள். 'மை ஸ்வீட் லார்ட்' மெட்டு, 1963-ல் வந்த வேறொரு பாட்டின் மெட்டு என்று வழக்கு வந்தது. 1976-ல் நியூயார்க் நீதிபதி தீர்ப்புச் சொன்னார். வேண்டுமென்று எடுக்கவில்லை, மனத்தின் அடியில் கிடந்தது தன்னை அறியாமல் வந்துவிட்டது என்றார். ஆனாலும் அது பிறர் சொத்து என்றார். "பக்கத்தில் ஜானோ பாலோ இருந்திருந்தால், 'தம்பி, இதை எங்கோ கேட்டிருக்கிறோமே' என்று சொல்லியிருப்பார்கள்" என்கிறார்கள் முதல் கட்சியார். சொல்லியிருப்பார்களோ, மாட்டார்களோ! ஆனால் சொல்ல ஆள் இல்லை என்பது மட்டும் நிச்சயம்.

1974-ல் அமெரிக்காவிலும் கானடாவிலும் ஊர் ஊராகக் கச்சேரி செய்தார். அவசர வேலையில் தொண்டை கட்டிவிட்டது. கூட்டம் பழைய பாட்டுகளைக் கேட்டது. அவர் குறைவாகவே பாடினார். ரவிசங்கர் கோஷ்டிக்கும் மேடையில் பாதி இடம் கொடுத்தார். மிருதங்க வித்துவான் டி.வி.கோபாலகிருஷ்ணனும் வயலின் வித்துவான் எல்.சுப்ரமணியமும் அதில் வாசித்தார்கள். ராக் கேட்க வந்த கூட்டத்துக்கு இது எப்படிப் பிடிக்கும்? பத்திரிகைகள் தாக்கின. அதற்குப் பின் வந்த தட்டுகளில் சில சோபிக்கவில்லை. 1982-ல் ஒன்று வெளியிட்டார். விளம்பரம் செய்யக்கூட அவர் மெனக்கெடவில்லை. தட்டு படுத்துவிட்டது. அடுத்த தட்டு வர ஐந்து ஆண்டுகள் ஆயின.

ஆகவே பாட்டை மட்டும் வைத்து நிறுத்தால் தீர்ப்பு இப்படித்தான் வரும். ஹாரிசனின் மிகச் சிறந்த தட்டு தனியாகச் செய்தது. மிகச் சிறந்த இரண்டு பாட்டுகள் கூட்டத்தில் செய்தவை. 'சம்திங்' பாட்டில் பாலின் கிட்டார் அடியில் நடந்துகொண்டே போவதைக் கேட்டவர்கள் இதை மறுக்க மாட்டார்கள். 2023-ல் 'ஹியர் கம்ஸ் தி சன்' இணையத்தில் ஸ்பாட்டிபை என்ற இடத்தில் மட்டும் நூறு கோடி தடவைக்கு மேல் கேட்கப்பட்டது. அங்கே அந்த எண்ணிக்கையைத் தொட்ட முதல் பீட்டில்ஸ் பாட்டு அதுதான். கோஷ்டியின் பெயரில் உலகம் இன்று மிகுதியாகக் கேட்பது, ஓரத்தில் உட்கார வைக்கப்பட்ட தம்பியின் பாட்டை!

ஒரு கோடி அகதிகள்

ஆனால் இரண்டு கட்சியாரும் அவசரத்தில் தாண்டிப் போகும் ஒரு நாள் இருக்கிறது. அது 1971-ம் ஆண்டு ஆகஸ்டு 1-ந் தேதி.

கிழக்கு வங்காளத்தில் 1970-ல் கொடிய புயல் அடித்தது. மறு ஆண்டு போர் மூண்டது. ஏறக்குறைய ஒரு கோடி மக்கள் எல்லையைத் தாண்டி இந்தியாவுக்கு ஓடி வந்தார்கள். ரவிசங்கர் வங்காளத்துக் குடும்பத்தைச் சேர்ந்தவர். மனம் உடைந்து, நண்பரிடம் உதவி கேட்டார். ஹாரிசன் சில வாரங்களிலேயே நியூயார்க்கின் மாடிசன் சதுக்க அரங்கத்தில் கச்சேரிக்கு ஏற்பாடு செய்தார்.

ஒரே நாளில் இரண்டு கச்சேரி. சுமார் 40,000 பேர் வந்தார்கள். பாப் டைலன் வந்தார். கிளாப்டன் வந்தார். ரிங்கோ வந்தார். ஜானும் பாலும் வரவில்லை. முதலில் ரவிசங்கரும் அலி அக்பர் கானும் அல்லா ரக்காவும் அமர்ந்தார்கள். சுருதி சேர்த்து முடித்ததும் கூட்டம் கை தட்டியது. சுருதி சேர்த்ததே இவ்வளவு பிடித்தால் வாசிப்பு இன்னும் பிடிக்கும் என்று ரவிசங்கர் சிரித்துக்கொண்டே சொன்னார்.

ஹாரிசன் அன்று தன் புதுப் பாட்டுகளையும் பாடினார். கோஷ்டிக் காலத்துப் பாட்டுகளையும் பாடினார். டிக்கெட் பணம் சுமார் 2 லட்சத்து 43 ஆயிரம் டாலர் ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் நிதிக்குப் போயிற்று. இசைத்தட்டிலும் படத்திலும் வந்த பெரும் பணம் வரித் தகராறில் ஆண்டுக்கணக்கில் மாட்டிக்கொண்டது வேறு கதை.

பீட்டில்ஸ் என்ற பெயர் இல்லாவிட்டால் அந்த அரங்கம் நிறைந்திருக்காது. அதே சமயம், நால்வரும் கோஷ்டியாக இருந்திருந்தால் அந்தக் கச்சேரி நடந்தே இருக்காது. யார் முதலில் பாடுவது, எது யாருடைய பாட்டு என்ற பேச்சிலேயே அகதி முகாமில் மழைக்காலம் கழிந்திருக்கும். கோஷ்டி சேர்த்து வைத்த புகழைத் தம்பி எடுத்துக்கொண்டு போய்ச் செலவழித்தார். நல்ல இடத்தில் செலவழித்தார்.

ஹாரிசன் 2001 நவம்பர் 29-ந் தேதி அமெரிக்காவில் காலமானார். வயது 58. அதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன், 1996-ல், ரவிசங்கரின் வேத மந்திரத் தட்டுக்கு உதவி செய்தார். அதன் ஒரு பகுதி சென்னையில் பதிவாயிற்று.

அவர் மறைந்த ஓராண்டு நாளில் லண்டனில் நண்பர்கள் கூடி நினைவுக் கச்சேரி நடத்தினார்கள். முதலில் ரவிசங்கர் அமைத்த இசையை அவர் மகள் அனுஷ்கா நடத்தினார். பிறகு கோஷ்டிப் பாட்டும் தனிப் பாட்டும் கலந்து கலந்து வந்தன. ஹாரிசனின் மகன் தானி மேடையில் கிட்டார் வாசித்தார். ரிங்கோ, தாமும் ஹாரிசனும் சேர்ந்து எழுதிய பாட்டைப் பாடினார். பால் மக்கார்ட்னி, ஹாரிசன் விரும்பி வாசித்த உகுலேலி என்ற சின்ன வாத்தியத்தைக் கையில் எடுத்துக்கொண்டார். 'சம்திங்' பாட்டைத் தனியாகவே தொடங்கினார். பாதியில் மற்ற எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள்.